எருக்கு வளர்த்தால் வரியன் வரும்: பட்டாம்பூச்சித் தோட்டம், கேள்வி-பதில்

அமெரிக்காவில் இருக்கும் மகள், மோனார்க் பட்டாம்பூச்சிக்காக வீட்டில் மில்க்வீட் (அதன் புழு தின்னும் பால்செடி) வளர்க்கிறாள். அந்த விதையை வாங்கி இங்கே போட்டால் மோனார்க் வருமா? (சத்துவாச்சாரி)

வராது. மோனார்க்கின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். இந்தியாவில் அது கிடையாது. விதையும் பெரும்பாலும் முளைக்காது. அங்குள்ள மில்க்வீட் வகைகள் பலவற்றின் விதை, சில வாரம் ஈரக் குளிரில் கிடந்தால்தான் உறக்கம் கலையும். வேலூர் மார்கழிக் குளிர் அதற்குக் காணாது. போதாக்குறைக்கு, முறையான அனுமதியும், நோயில்லை என்ற நலச்சான்றும் இல்லாமல் வெளிநாட்டு விதையை வரவழைப்பது சட்டப்படி தவறு.

அதன் பங்காளி உங்கள் தெருவிலேயே பறக்கிறது: வெந்தய வரியன். ஆரஞ்சு நிறம், முன்சிறகின் முனை மட்டும் கறுப்பு, அதில் வெள்ளைத் திட்டு. மோனார்க்கும் இதுவும் ஒரே பேரினம். மில்க்வீட் பாலின் நஞ்சை மோனார்க் புழு உடம்பில் சேர்த்துக்கொண்டு பறவைகளிடம் தப்புவதுபோல, இதன் புழு எருக்கம்பாலை நம்பி வாழ்கிறது. மகளிடம் புகைப்படம் ஒப்பிட்டுப் பாருங்கள்: மோனார்க் புழுவுக்குக் கறுப்புக் கொம்பு இரண்டு ஜோடி, நம்மூர்ப் புழுவுக்கு மூன்று ஜோடி.

மொட்டை மாடியில் எருக்கு வளர்க்க முடியுமா? வீட்டுக்கு ஆகாது என்கிறார்களே? (காட்பாடி)

ஆகாது என்பவர்களே பிள்ளையாருக்கு வெள்ளெருக்கு தேடி அலைவார்கள், அதை விடுங்கள்.

ஆணிவேர்ச் செடி என்பதால் சாலையோரத்தில் பிடுங்கி வந்து நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. விதையில் தொடங்குங்கள். வெடிக்கத் தொடங்கிய காயை எடுத்து, பஞ்சை நீக்கி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டால் புது விதை ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும். குறைந்தது 15 அங்குல ஆழமுள்ள வளர்ப்புப் பை வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு. விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். நம் வெயிலுக்குப் பயந்து தினமும் ஊற்றுகிறவர்கள்தான் எருக்கைக் கொல்கிறார்கள், வேர் அழுகிவிடும்.

ஒரு செடி போதாது, மூன்று செடியாவது வேண்டும். தாய்ப்பூச்சி இளந்தளிரைத் தேடி, இலையடியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். முற்றிய தடித்த இலையைக் குட்டிப் புழுவால் கடிக்க முடியாது. அதனால் ஒரு செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டித் துளிர்க்க விடுங்கள், அது தழைத்ததும் அடுத்தது. வெட்டுமுன் இலையடியில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வேலி இருந்தால் வேலிப்பருத்தியையும் ஏற்றிவிடுங்கள். அதையும் இதே புழு தின்னும், எருக்கு மொட்டையான நேரத்தில் கைகொடுக்கும்.

ஒரு கண்டிப்பு: வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் பார்வை மங்கலாம். வலி இல்லை என்று சும்மா இருக்காமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு உடனே கண் மருத்துவரிடம் போங்கள். குழந்தைகள் கை எட்டும் இடத்தில் பையை வைக்க வேண்டாம்.

நர்சரியில் வாங்கிய செடியில் புழு வந்தது. இரண்டே நாளில் சுருண்டு செத்துவிட்டது. (ராணிப்பேட்டை)

செடியில் மருந்து இருந்திருக்கலாம். இமிடாகுளோபிரிட் போன்றவை வேர் வழியாக ஏறி இலை, பூந்தேன் வரை பரவும். கழுவினால் போகாது, மாதக்கணக்கில் தங்கும். வாங்கும்போதே என்ன மருந்து அடித்தார்கள் என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் அந்தச் செடிக்கு இரண்டு மூன்று மாதம் கொசுவலை போட்டு, பூச்சி முட்டையிடாமல் தடுத்து வையுங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்கும் நாளில் பைகளை உள்ளே நகர்த்துங்கள்.

எருக்கு முழுக்க மஞ்சள் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி). வேப்பெண்ணெய் அடிக்கலாமா? (ஆற்காடு)

கூடாது. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் அசுவினியோடு புழுவையும் சேர்த்து முடித்துவிடும். முட்டை, புழு உள்ள இலைகளை அடையாளம் வைத்துக்கொண்டு, மற்றவற்றில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மிச்சத்தை ஈரத்துணியால் துடையுங்கள். யூரியாவோ எருவோ அதிகம் போட்டால் தளிர் கொழுத்து அசுவினியைக் கூப்பிடும். நட்டபின் எருக்குக்கு உரமே வேண்டாம்.

கூட்டுப்புழு கறுத்துப்போச்சு. செத்துவிட்டதா? (குடியாத்தம்)

எப்படிக் கறுத்தது என்று பாருங்கள். ஓடு கண்ணாடிபோல் ஆகி உள்ளே ஆரஞ்சுச் சிறகு தெரிந்தால் அடுத்த நாள் பூச்சி வெளியே வரும், தொடாதீர்கள். முழுதும் ஒரே கரும்பழுப்பாகி, தொட்டால் மெத்தென்று இருந்தால் நோய். பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வெள்ளை நூல்போல ஒன்று தொங்கினால் ஒட்டுண்ணி ஈயின் புழு இறங்கிப் போயிருக்கிறது. அதுவும் தோட்டத்து ஜீவன்தான், வருத்தப்பட ஒன்றுமில்லை.

கூடு கீழே விழுந்திருந்தால் மேலே உள்ள கறுப்புக் காம்பில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் சொரசொரப்பான துணியும், கீழே நாலைந்து அங்குல வெற்றிடமும் வேண்டும். தரையில் கிடந்தபடி வெளிவந்தால் சிறகு விரியாமல் கசங்கியே காய்ந்துவிடும்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி புழு. என்ன செய்ய? (வாலாஜா)

எலுமிச்சை அழகி, இல்லையென்றால் கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. சமையலுக்கு ஒரு செடி, அதற்கு ஒரு செடி என்று பிரித்துவிடுங்கள். எலுமிச்சைக்கும் மாற்றலாம், எருக்கில் விட்டால் பட்டினிதான்.

ஐப்பசியில் நீலக்கோடு போட்ட பூச்சிகள் கூட்டமாகப் போகின்றன. அவற்றை நிறுத்திவைக்க என்ன நடலாம்? (ஆரணி)

அவை நீல வரியன். கூடவே வெண்புள்ளிக் கருப்பனும் வரும். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிக் கிழக்கு மலைப் பக்கமிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவை. நிறுத்திவைக்க முடியாது, இளைப்பாற வைக்கலாம். ஏரி வற்றிய கரையில் முளைக்கும் தேள்கொடுக்கைப் பூவோடு பிடுங்கி, அரை நாள் வாட்டி, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஆண் பூச்சிகள் மொய்க்கும். இணையைக் கவரும் மணத்தைத் தயாரிக்க அதிலுள்ள ஒரு காரப்பொருள் (ஆல்கலாய்டு) அவற்றுக்குத் தேவை. கிலுகிலுப்பைக்கும் இதே குணம் உண்டு. தேனுக்கு வெட்டுக்காயப்பூண்டைக் களை என்று பிடுங்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. அடுக்குச் செண்டுமல்லி கண்ணுக்கு அழகு, தேன் குறைவு.

லந்தானா (உண்ணிச்செடி) வைக்கலாமா? (திருப்பத்தூர்)

பூச்சி வரும், உண்மைதான். ஆனால் அதன் பழத்தைத் தின்னும் பறவை விதையை ஏலகிரி, ஜவ்வாது வரை கொண்டுபோய்ப் போடும். அந்தக் காடுகளில் உண்ணிச்செடி ஏற்கெனவே போதும் போதும் என்று இருக்கிறது. இட்லிப்பூ வையுங்கள்.