இணைய வீடியோவின் கதை: கேள்வி பதில்

சேலம் வாசகர்: ஐயா, இணையத்தில் முதல் வீடியோ பகிர்வுத் தளம் யூடியூப்தானே?

இல்லை. 1997லேயே ஷேர்யுவர்வேர்ல்ட் என்று ஒரு தளம் இருந்தது. 2001இல் மூடிவிட்டார்கள். விமியோ 2004 நவம்பரில் வந்தது. யூடியூப் பெயரைப் பதிவு செய்தது 2005 பிப்ரவரி 14. முதல் வீடியோ ஏறியது அதே ஆண்டு ஏப்ரல் 23. நிறுவனர்களில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று 19 வினாடி பேசுவார்.

திருச்சி மாணவி: அப்படியானால் பின்னால் வந்த யூடியூப் எப்படி முந்தியது, சார்?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் காலத்தில் இணையத்தில் ஒரு வீடியோ பார்ப்பதே பெரும்பாடு. ஒரு தளம் ரியல்பிளேயர் கேட்கும், இன்னொன்று குவிக்டைம் கேட்கும், வேறொன்று விண்டோஸ் மீடியா பிளேயர். மூன்றையும் நிறுவினாலும் வீடியோவைப் பிரித்துக் காட்டும் கோடெக் என்ற மென்பொருள் ஏதோ ஒன்று இல்லையென்று கறுப்புத் திரைதான் வரும்.

ஆனால் உலாவிக்குள் அசைபடங்களை ஓட்டும் ஃபிளாஷ் என்ற மென்பொருள் மட்டும் பெரும்பாலான கணினிகளில் ஏற்கெனவே இருந்தது, விளையாட்டுக்கும் விளம்பரத்துக்குமாக. 2002இல் வந்த ஃபிளாஷ் 6 வீடியோவையும் ஓட்டியது. யூடியூப் அதைப் பிடித்துக்கொண்டது. நீங்கள் எந்த வடிவில் ஏற்றினாலும் அவர்களுடைய சர்வர் அதை ஃபிளாஷ் வீடியோவாக மாற்றிவிடும். பார்ப்பவர் புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். அதே 2005இல் கூகுளின் சொந்தத் தளமான கூகுள் வீடியோவில் பரிசீலனை முடிந்த பிறகுதான் வீடியோ வெளிவரும். பார்க்கவும் தனியாக ஒரு பிளேயரை இறக்க வேண்டியிருந்தது. ஃபிளாஷுக்கு அவர்கள் பிறகுதான் மாறினார்கள்.

அப்புறம் எம்பெட் வசதி, அதாவது வீடியோவை வேறு தளத்தில் பதிக்கும் வசதி. சில வரி நிரலை வெட்டி ஒட்டினால் போதும், அன்றைய சமூக வலைத்தளமான மைஸ்பேஸில் உங்கள் பக்கத்திலேயே வீடியோ ஓடும். தளத்தின் பெயர் ஊரெல்லாம் பரவியது அப்படித்தான்.

ஈரோடு வாசகர்: முதல் வீடியோ எது, யார் போட்டது?

முதல் பதிலில் இருக்கிறது.

பெங்களூரு பொறியாளர்: ஃபிளாஷ் எல்லாம் காரணமே இல்லை. டிவி நிகழ்ச்சிகளைத் திருட்டுத்தனமாக ஏற்றவிட்டார்கள், கூட்டம் வந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பங்கு உண்டு. 2005 டிசம்பரில் சாட்டர்டே நைட் லைவ் என்ற அமெரிக்க டிவி நிகழ்ச்சியின் ஒரு பாட்டுத் துணுக்கு யூடியூப்பில் காட்டுத்தீயாகப் பரவியது, 2006 பிப்ரவரியில் அதை ஒளிபரப்பிய என்பிசி சேனல் அதை நீக்கச் சொன்னது. ஆனால் திருட்டு வீடியோ மற்ற தளங்களிலும்தான் இருந்தது. அது மட்டுமே போதுமென்றால் அவர்களும் ஜெயித்திருக்க வேண்டுமே?

கும்பகோணம் வாசகி: 2008இல் குழந்தையின் வீடியோவை ஒரு தளத்தில் போட்டு வைத்தேன். இப்போது தளமே இல்லை. மீட்க வழி உண்டா?

பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தின் பழைய முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கம் கிடைத்தாலும் வீடியோ பெரும்பாலும் கிடைக்காது. உங்கள் பழைய கணினி, கேமரா அட்டை, சிடி எல்லாவற்றையும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: மூலக் கோப்பு உங்கள் கையில் இருக்க வேண்டும். கூகுள் வீடியோவே 2011 ஏப்ரலில், மாதக் கடைசிக்குப் பிறகு வீடியோக்கள் ஓடாது என்று அறிவித்தது. பலர் எதிர்த்த பிறகுதான் யூடியூப்புக்கு மாற்ற வழி செய்தார்கள். 2014 ஜூனில் ஜஸ்டின் டிவி என்ற நேரலை வீடியோத் தளம் பழைய பதிவுகளை அழித்தபோது கிடைத்த அவகாசம் சுமார் ஒரு வாரம்.

பெங்களூரு பொறியாளர்: வயாகாம் வழக்கை விட்டுவிட்டீர்கள். கூகுளின் பணம் இல்லாவிட்டால் யூடியூப்பை மூடியிருப்பார்கள்.

இதில் உங்களோடு உடன்படுகிறேன். தன் நிகழ்ச்சிகளை அனுமதியின்றி ஏற்றவிட்டதாக அமெரிக்க ஊடக நிறுவனமான வயாகாம் 2007 மார்ச்சில் யூடியூப்மீது வழக்குப் போட்டு, 100 கோடி டாலர் இழப்பீடு கேட்டது. 2010இல் தீர்ப்பு யூடியூப் பக்கம், 2012இல் மேல்முறையீட்டில் வழக்கு மறுபடி உயிர்பெற்றது, 2013இல் மறுபடி யூடியூப் பக்கம், 2014இல் சமரசம். உரிமையாளர் சொன்னவுடன் நீக்கிவிட்டால் தளத்தின்மேல் குற்றமில்லை என்ற 1998ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் காப்பாற்றியது. ஆனால் அந்தச் சட்டத்தைக் காட்டி வாதாடவே பெரும்பணம் வேண்டும். வியோ என்ற வீடியோத் தளம், யூனிவர்சல் மியூசிக் என்ற இசை நிறுவனம் தொடுத்த வழக்கில் 2009இல் வென்றது, 2010இல் திவாலானது.

ஆனாலும் நீங்கள் பேசுவது யூடியூப் பிழைத்த கதை. திருச்சி மாணவி கேட்டது அது மற்ற தளங்களை முந்திச் சென்ற கதை. 2006 அக்டோபரில் கூகுள் 165 கோடி டாலருக்கு அதை வாங்க முன்வந்தபோதே பந்தயம் முடிந்துவிட்டது. கையில் சொந்தத் தளம் இருக்கும்போது இன்னொன்றை ஏன் அவ்வளவு விலைக்கு வாங்கினார்கள் என்று யோசியுங்கள்.

மதுரை வாசகர்: என் சேனலுக்கு வியூஸ் வரவில்லை. என்ன செய்யலாம்?

நான் வரலாறுதான் படித்தவன். இது என் துறை இல்லை.

யாழ்ப்பாண வாசகர்: பாகிஸ்தான் தடை போட்டதில் உலகம் முழுக்க யூடியூப் நின்றதாமே, அண்ணா? உண்மையா?

உண்மை, 2008 பிப்ரவரி 24. அரசு தடை உத்தரவு போட்டதும், பாகிஸ்தான் டெலிகாம் யூடியூப் சர்வர்களின் இணைய முகவரி எண்களுக்கு ஒரு பொய் வழியை உருவாக்கியது. நாட்டுக்குள்ளேயே நிற்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது, ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் சரிபார்க்காமல் உலகுக்குக் கடத்திவிட்டது. யூடியூப் 1,024 முகவரிகளை மொத்தமாக அறிவித்திருந்தது, பாகிஸ்தான் அறிவித்ததோ அதற்குள் 256 முகவரிகள். இணையப் போக்குவரத்துக்கு வழிகாட்டும் ரவுட்டர் கருவிகள் எப்போதும் குறுகலான அறிவிப்பையே நம்பும். அதனால் உலகின் பல பகுதிகளிலிருந்து போக்குவரத்து பாகிஸ்தானுக்குத் திரும்பியது. சுமார் இரண்டு மணி நேரத்தில் சரிசெய்தார்கள்.

கரூர் வாசகர்: குறும் வீடியோவைத் தொடங்கியது டிக்டாக்தானே?

இல்லை. வைன் என்ற செயலி 2013 ஜனவரியில் ஆறு வினாடி வீடியோக்களோடு வந்துவிட்டது. டிக்டாக்கை 2020 ஜூன் 29இல் இந்தியா தடை செய்தபோது, செயலிக்குள் மட்டுமே வீடியோ வைத்திருந்தவர்கள் தவித்துப்போனார்கள். மூலக் கோப்பு, மூலக் கோப்பு என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

கும்பகோணம் வாசகி: ஒரு பழைய மெமரி கார்டு கிடைத்தது! வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம், வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். அட்டையில் இனி எதையும் பதிவு செய்யாதீர்கள். கார்டு ரீடர் போட்டு, கோப்புகளை அப்படியே கணினிக்கு நகலெடுங்கள். இன்னொரு நகலை வேறு ஹார்ட் டிஸ்கில் போட்டு, வேறு வீட்டில் வையுங்கள்.