ஒரு நம்பரை மட்டும் தடுத்திருக்கலாமே? – கடிதமும் பதிலும்

ஐயா வணக்கம்,

குடும்பங்களைக் கெடுத்தது ஒரு நம்பர் லாட்டரிதான். அதை விட்டுவிட்டு, 2003ல் தமிழ்நாடு அரசின் பரிசுச் சீட்டையும் சேர்த்து ஏன் மூடினார்கள்? கேரளத்தில் இன்றும் அரசே நடத்துகிறது. பாலக்காடு போய்ச் சீட்டு வாங்கி வந்தால் குற்றமா?

ஆர்., பொள்ளாச்சி

அன்புள்ள ஆர்.,

ஒரு நம்பருக்குத் தடை ஏற்கெனவே இருந்தது. 1998ல் வந்த மத்திய லாட்டரிச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் முதல் நிபந்தனையே அதுதான்: ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக்கூடாது. காரணம் எளிது. பத்துக்கு ஒன்று விழும். அடிக்கடி விழுவதால், ஜெயித்த பணம் வீட்டுக்குப் போகாமல் அடுத்த குலுக்கலுக்கே போகும். ஆறு இலக்கச் சீட்டு வாங்கியவர் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். ஒரு நம்பர் வாங்கியவர் கடை வாசலை விட்டு நகரமாட்டார், அன்றைய கூலி தீரும்வரை. அந்த வேகத்தைக் குறைக்கத்தான் அதே பிரிவு ஒரு லாட்டரிக்கு வாரம் ஒரு குலுக்கல், பம்பர் என்னும் பெரும்பரிசுக் குலுக்கல் ஆண்டுக்கு ஆறு என்று வரம்பு கட்டியது. சீட்டை அரசு அச்சிட வேண்டும், குலுக்கலைத் தன் மாநிலத்துக்குள்ளேயே நடத்த வேண்டும் என்றும் சொன்னது.

பிறகு ஏன் எல்லாவற்றையும் மூட வேண்டும்? அரசியலமைப்பில் சூதாட்டம் மாநிலப் பட்டியலில் 34ஆவது இனம்; அதாவது மாநிலமே சட்டம் போடலாம். ஆனால் அரசுகள் நடத்தும் லாட்டரி மத்தியப் பட்டியலில் 40ஆவது இனம்; அதற்குச் சட்டம் போடுவது நாடாளுமன்றம். எனவே சிக்கிமோ நாகாலாந்தோ தன் சீட்டை இங்கே விற்றால், நம் சூதாட்டச் சட்டத்தைக் காட்டித் தடுக்க வழியில்லை. 1998 சட்டத்தின் 5ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தது: பிற மாநில லாட்டரி விற்பனையை ஒரு மாநிலம் தடைசெய்யலாம். 1999ல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு நிபந்தனை போட்டது. தன் லாட்டரியை நடத்திக்கொண்டே அடுத்தவருடையதைத் தடுக்கக்கூடாது. ஆகவே வெளிமாநிலச் சீட்டை விரட்ட வேண்டுமென்றால், ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அண்ணா ஆட்சியில் 1968ல் தொடங்கிய நம் சீட்டும் சேர்ந்தே போக வேண்டியிருந்தது. வருமானத்தை விட்டுக்கொடுத்த அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கே கிழமைக்கு ஒரு லாட்டரி. சனிக்கிழமை என்றால் காருண்யா. ஒவ்வொன்றுக்கும் வாரம் ஒரே குலுக்கல்தான், சட்டம் மீறப்படவில்லை. ஆனால் வாங்குபவருக்கு நாள்தோறும் குலுக்கல்! வாரம் ஒன்று என்ற வரம்பின் நோக்கம் அங்கே கரைந்துவிட்டது.

நம் ஊர்களில் திருட்டுத்தனமாக ஓடும் மூணு நம்பர் ஆட்டம் அந்தக் கேரளக் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று இலக்கத்தை வைத்தே நடக்கிறது. ஆயிரத்துக்கு ஒன்று விழும் ஆட்டம் அது. கையில் கிடைப்பது துண்டுச் சீட்டு மட்டுமே; விற்றவர் பரிசு தராவிட்டால் கேட்க நாதியில்லை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: பாலக்காட்டுக் கடையில் உங்களுக்காகச் சீட்டு வாங்குவது குற்றமில்லை. கட்டாக வாங்கிவந்து பொள்ளாச்சியில் விற்றால் குற்றம். வாங்கியதும் சீட்டின் பின்புறம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முடிவைக் கேரள அரசிதழோடு ஒப்பிட்டு, குலுக்கல் நடந்த 30 நாளுக்குள் சீட்டை ஒப்படைக்க வேண்டும். பெரிய பரிசு என்றால் 30 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொள்வார்கள். கேரள அரசு ஆன்லைனில் சீட்டு விற்பதில்லை. வாட்ஸ்அப்பில் சீட்டின் படத்தை அனுப்பிப் பணம் கேட்பவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.