கணவரிடம் எப்படிச் சொல்வது?

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 43. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். மேற்படிப்புக்காக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு வந்து, மார்மன் சபை (ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் தொடங்கிய கிறிஸ்தவ சபை) குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரை விரும்பி, அவர்கள் சபையில் ஞானஸ்நானம் பெற்று மணந்துகொண்டேன். சபையில் சேராதவர்கள் ஆலயத்துக்குள் வரக்கூடாது என்பது விதி. என் திருமணத்தின்போது அப்பாவும் அம்மாவும் வெளியே புல்வெளியில் காத்திருந்தார்கள். விசுவாசத்துக்காக அதையும் ஏற்றுக்கொண்டேன்.

ஞாயிறு வகுப்பில் பாடம் எடுக்கிறேன். எங்கள் வேதநூல்களில் ஒன்றான ‘ஆபிரகாமின் புத்தகம்’ பற்றிய பாடத்துக்குத் தயார் செய்யும்போது, சபையே 2014-இல் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஆபிரகாம் தன் கைப்பட பாப்பிரஸில் (பண்டைய எகிப்தின் நாணல் தாள்) எழுதியதையே எங்கள் தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் மொழிபெயர்த்தார் என்று நம்பியிருந்தேன். அந்தப் பாப்பிரஸில் எஞ்சியிருக்கும் துண்டுகளில் ஆபிரகாமின் பெயர்கூட இல்லை என்று அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, விரும்பியவர்கள் எழுந்து “இது சத்தியம் என்று அறிவேன்” எனச் சாட்சி சொல்வார்கள். இப்போதெல்லாம் அந்த நாளில் தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். கணவரிடம் வாய் திறக்கவில்லை. 18 வயது மகன் மதத்தைப் பரப்பும் இரண்டு வருட ஊழியத்துக்குப் புறப்படப் போகிறான். அவனிடம் சொல்ல வேண்டாமா? இது சாத்தானின் சோதனையா, என் மனம்தான் கெட்டுவிட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, யூட்டா

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மனம் கெட்டுவிடவில்லை. படித்ததைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

1835-இல் ஓஹாயோவின் கர்ட்லண்டில் நான்கு மம்மிகளும் பாப்பிரஸ் சுருள்களும் ஸ்மித்துக்காக 2,400 டாலருக்கு வாங்கப்பட்டபோது, ஸ்மித் சொன்னதைச் சரிபார்க்க அங்கே ஆளில்லை. பிரான்ஸில் ஷாம்போலியோன் என்ற அறிஞர் எகிப்திய எழுத்தின் முடிச்சை அவிழ்த்தே பத்துப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. சிகாகோ தீயில் அழிந்ததாகக் கருதப்பட்ட சுருள்களில் சில துண்டுகளை 1967-இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் சபையிடம் ஒப்படைத்தது. எகிப்தியவியலாளர்கள் படித்தார்கள். அவற்றில் ஆபிரகாமின் புத்தகத்தோடு தொடர்புபடுத்தப்படும் பகுதி, ஹோர் என்ற பூசாரியின் உடலோடு வைத்த ஈமச்சடங்கு நூல். ஆபிரகாமின் காலமாகச் சொல்லப்படுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தையது.

அந்தச் சுருள்களிலிருந்து எடுத்து உங்கள் வேதநூலிலேயே அச்சாகியிருக்கும் மூன்றாவது படத்தைப் பாருங்கள். சிம்மாசனத்துக்குப் பின்னால் நிற்பவர் பார்வோன் மன்னன், பெயர் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது என்கிறது ஸ்மித்தின் விளக்கம். நிற்பவள் ஐசிஸ் தேவி. மேலே எழுதியிருப்பதும் அவள் பெயரே. தொலைந்துபோன சுருளில் ஆபிரகாமின் எழுத்து இருந்திருக்கலாம் என்று சபையின் தரப்பில் வாதிடுவோர் உண்டு. இந்தப் படத்துக்கு அது பதிலாகாது. பாப்பிரஸ் வெறும் தூண்டுகோல், வெளிப்பாடு கடவுளிடமிருந்து வந்தது என்பது இன்னொரு வாதம். அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. அதை மனதார ஏற்று நிம்மதியாக வாழ்பவர்கள் இருக்கிறார்கள். உங்களால் முடியவில்லை என்றால் அது பாவமல்ல.

ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது பாப்பிரஸ் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். பெற்றவர்களை வெளியே நிறுத்திவிட்டு நுழைந்த வாழ்க்கை இது. அதன் அடித்தளம் ஆடும்போது துக்கம் வரத்தான் செய்யும். அந்தத் துக்கத்தை ஒரே வீட்டில் இருப்பவரிடமே மறைப்பதுதான் உங்களை இப்படி வதைக்கிறது.

முதலில் கணவரிடம் பேசுங்கள், மகனிடம் அல்ல. ஆலயத்தில் நடந்த திருமணம் சாவுக்குப் பிறகும் தொடரும் என்று நம்புகிறவர் அவர். “எனக்கு நம்பிக்கை போய்விட்டது” என்று நீங்கள் சொன்னால், “மறுமையில் நீங்கள் வேண்டாம்” என்று அவர் காதில் விழக்கூடும். ஆகவே, “உங்களை விட்டு எங்கும் போகவில்லை, ஆனால் ஒரு பாரத்தைத் தனியாகச் சுமக்கிறேன்” என்று தொடங்குங்கள். சபைக்குப் போகும் ஞாயிறு வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய ஒரு வாரநாள் இரவு போதும். ஆதாரங்களை அடுக்காதீர்கள். அவர் கேட்டால் அந்த ஒரு கட்டுரையை மட்டும் காட்டுங்கள். அன்றே அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் மகனை உட்காரவைத்து வாதாடுவது சரியல்ல. “அம்மா, நீங்கள் நம்புகிறீர்களா?” என்று அவன் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அவன் பெரியவன், தாங்கிக்கொள்வான். ஊழியத்தைப் பாதியில் விட்டுத் திரும்புவோரை அங்கே பலர் ஏளனமாகப் பார்ப்பதுண்டு. எப்போது வந்தாலும் வீட்டில் இடமுண்டு என்று நீங்கள் இருவரும் சேர்ந்து அவனிடம் சொல்லுங்கள். 2019 முதல் ஊழியர்கள் வாரந்தோறும் வீட்டோடு பேச அனுமதி இருக்கிறது. அந்தப் பேச்சில் அவன் சாப்பாட்டையும் தூக்கத்தையும் விசாரியுங்கள்.

வகுப்பிலிருந்து விடுவிக்கும்படி கேளுங்கள். காரணம் சொல்லும் கட்டாயமில்லை. சாட்சி சொல்லும் ஞாயிறும் போய் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். தூக்கமின்மை நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கூடவே, உங்கள் சபை வட்டத்துக்கு வெளியே உள்ள, உரிமம் பெற்ற ஓர் ஆலோசகரையும் தேடுங்கள். முதல் சந்திப்புக்கு நீங்கள் மட்டும் போங்கள். கணவர் விரும்பினால் பிறகு சேர்ந்துகொள்ளட்டும்.