பிழைக்காது என்று தெரிந்தும் சுமப்பவர்கள்: கேள்வி-பதில்

ஸ்கேனில் குறை என்கிறார்கள். குழந்தை பிழைக்குமா? (காரைக்குடி)

எத்தனையாவது வாரம், எந்த உறுப்பு, எதையும் எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? ரத்தப் பரிசோதனையில் 'ரிஸ்க்' என்று வந்தால் அது சந்தேகம்தான். பனிக்குட நீரையோ நஞ்சுத் திசுவையோ எடுத்துப் பார்த்தால்தான் குரோமோசோம் கோளாறு உறுதியாகும். ரிப்போர்ட்டை முழுதாக அனுப்புங்கள்.

மருமகளுக்கு 22 வாரம். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவில்லை. பெற்றே தீருவேன் என்கிறாள். எப்படி மனதை மாற்றுவது? (தேவகோட்டை)

மாற்ற வேண்டாம். சட்டம் கலைக்க அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. முடிவு அவளுடையது. கிரகணத்தில் வெளியே வந்தாள் என்ற பேச்சையும் நிறுத்துங்கள். மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் கரு உண்டாகி நாலு வாரத்துக்குள் மூடிவிட வேண்டும். அதன் மேல்முனை மூடாமல் போனதால் வந்த குறை இது. பலருக்கு அப்போது கர்ப்பமே தெரிந்திருக்காது.

பிறந்ததும் குழந்தையை மகளிடம் காட்டாமல் எடுத்துப் போய்விடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். நல்லதுதானே? (கானாடுகாத்தான்)

இல்லை ஆச்சி. இந்த 'நல்ல மனசை' பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. துணியில் சுற்றிக் கொண்டுபோய்விடுவார்கள், பெற்றவளுக்கு மயக்கம் தெளியும்போது அடக்கமே முடிந்திருக்கும். பார்க்காத முகத்தை அவள் வருஷக்கணக்கில் கோரமாகக் கற்பனை செய்துகொண்டிருப்பாள். பார்க்கிறாயா என்று அவளையே கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். தலைக்குக் குல்லா போட்டு மடியில் கொடுக்கலாம். ஒரு போட்டோ, பாதத்தின் மைப்பதிவு எடுத்து வையுங்கள், என்றாவது கேட்பாள். பெயர் வைக்க ஆசைப்பட்டால் வைக்கட்டும்.

இன்னொன்று. வென்டிலேட்டர் வேண்டுமா, வலி தெரியாமல் கதகதப்பாக வைத்துக்கொண்டால் போதுமா என்பதை எட்டாம் மாதத்துக்குள் குழந்தை மருத்துவரோடு பேசி எழுதி வையுங்கள். பிரசவ வலியில் யாரும் யோசிக்க முடியாது. மாப்பிள்ளையையும் உட்கார வையுங்கள். ஆம்பளைகளை பில் கட்ட மட்டும்தான் கூப்பிடுகிறோம்.

வளைகாப்பு போடலாமா? (பள்ளத்தூர்)

அவளுக்கு ஆசை என்றால் தாராளமாக.

குழந்தை சில நிமிடமே இருந்தது. பதிவு செய்ய வேண்டுமா? (புதுவயல்)

ஆம். ஒரு மூச்சு விட்டாலும் பிறப்பு, இறப்பு இரண்டையும் 21 நாளுக்குள் பதியுங்கள்.

குழந்தை போன மூன்றாம் நாள் பால் கட்டி வலிக்கிறதாம். (கோட்டையூர்)

சுரக்கத்தான் செய்யும். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நிறுத்த மாத்திரை உண்டு. பிரஷர் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், சில மாத்திரை ஆகாது. பாட்டிமார் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவதும் வீணில்லை, வேலூரில் 1980களில் மாத்திரையோடு ஒப்பிட்டே பார்த்தார்கள். காய்ச்சலோ சிவப்போ வந்தால் பூவை நம்பி உட்காராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.