சைக்கிளைக் கம்பியில் கட்டலாமா?

கேள்வி: என் கணவர் ஓய்வு பெற்றதும் 34 அடி பாய்மரப் படகு ஒன்றை வாங்கினோம். இப்போது அதிலேயேதான் குடியிருக்கிறோம். மலேசியாவின் லங்காவித் தீவில் தெலாகா துறைமுகப் பக்கம் நங்கூரம் போட்டிருக்கிறோம். கரையேறினால் கடை, சந்தை எல்லாமே தூரம். இரண்டு மலை சைக்கிள் வாங்கி மேல்தள ஓரத்துக் கம்பியில் கட்டிவிடலாம் என்கிறார் அவர். மடக்கு சைக்கிள் போதும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– வாசகி, லங்காவி

பதில்: நீங்கள் சொல்வதுதான் சரி, சகோதரி. ஆனால் இதை அவரிடம் காட்டுவதற்கு முன் கடைசிவரை படித்துவிடுங்கள். உங்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கம்பியில் கட்டிய சைக்கிள் ஒவ்வொரு அலைக்கும் உப்புநீரில் குளிக்கும். அது கூடப் பரவாயில்லை. ராத்திரி காற்று திரும்பி, பாயை இறக்க முன்பக்கம் ஓடும்போது, பெடல் காலை வாரிவிடும். அந்த ஒரு காரணம் போதும். சைக்கிளுக்கு இடம் உள்ளேதான்; உறையில் போட்டு, யாரும் படுக்காத படுக்கையில் கிடக்கட்டும்.

இனி உங்களுக்கு. மடக்கு சைக்கிள் என்றதும் விலை உயர்ந்த பிராம்ப்டனை நினைத்திருப்பீர்கள். மடித்தால் அதைப்போல் அடக்கமானது அரிது. ஆனால் அதன் 16 அங்குலச் சக்கரம் தனி அளவு. தீவுக் கடைகளில் அதற்கு டியூப் தேடி அலைய வேண்டும். 20 அங்குலச் சக்கரம் என்றால் சிறுவர் சைக்கிள் விற்கிற கடையில் கூடக் கிடைக்கும், குழியிலும் அவ்வளவு தூக்கிப் போடாது. பழையதாகவே வாங்குங்கள். படகில் சைக்கிளுக்கு ஆயுள் குறைவு.

அந்த ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம். அலுமினியச் சட்டத்துக்குள் எஃகுத் தண்டு இருந்து, நடுவில் உப்புநீர் புகுந்தால் அலுமினியம் அரித்துப் பூத்துவிடும். அப்புறம் இருக்கைத் தண்டு அசையாது. மாதம் ஒருமுறை அதை உருவி கிரீஸ் தடவுங்கள். கீல், தாழ், சங்கிலிக்கும் எண்ணெய் வேண்டும். படகுத் தொட்டித் தண்ணீரைச் சைக்கிளுக்குச் செலவழிக்க மனசு வராது, தெரியும். மழை வந்தால் மேல்தளத்தில் நிறுத்திவையுங்கள், அதுவே கழுவிக் கொடுக்கும். காய்ந்ததும் மறக்காமல் எண்ணெய்.

உண்மையான சோதனை, கரைக்குப் போய்வர வைத்திருக்கும் டிங்கி என்ற சின்னப் படகில்தான். பன்னிரண்டு கிலோ பெரிய பாரமில்லை. ஆடுகிற ரப்பர் படகில் நின்றுகொண்டு, நீர் வற்றி தலைக்கு மேலே போய்விட்ட படகுத்துறைக்கு அதைத் தூக்கிப் பாருங்கள், தெரியும். என் முதல் சைக்கிள் அப்படித்தான் கடலுக்குள் போனது. மறுநாள் வற்று நீரில் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தேன். மணி மட்டும் அடித்தது. அன்றிலிருந்து, தூக்குவதற்கு முன்பே சட்டத்தில் ஒரு கயிறு, அதன் மறுமுனை கரையில் இருப்பவர் கையில். டிங்கியிலிருந்து படகுக்கு ஏற்ற, பாய் ஏற்றும் கயிறு ஒன்றைக் கீழே விட்டு இழுத்துக்கொள்ளலாம். இடுப்பு பிழைக்கும்.

லங்காவி சைக்கிளுக்கு நல்ல ஊர். தெலாகாவிலிருந்து செனாங் கடற்கரைக்கு விடியற்காலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏறினால் தாங்காது. சாலையில் மாடு குறுக்கே வரும். பையில் பழம் தெரிந்தால் குரங்கு விடாது. இரவுச் சந்தை நாளுக்கு ஓரிடமாக மாறுவதால் எந்த நாள் எங்கே என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வர விளக்கு வேண்டும். கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை வாங்குகிற அன்று மட்டும் கார் வாடகைக்கு எடுங்கள்.

உங்கள் கணவருக்கு மலை சைக்கிள் ஆசை விடவில்லையென்றால், ஒரு நாள் வாடகைக்கு எடுத்து 881 மீட்டர் உயரக் குனுங் ராயா மலையில் ஏறிப் பார்க்கட்டும். அன்றைக்கே காரையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் தண்ணீர் பாட்டிலோடு பின்னால் போகலாம்.