கையெழுத்தாகும் முன் எம்.பி.க்கு எவ்வளவு தெரியும்?

"இலங்கையோடு மீன்பிடிப் பேச்சு நடக்கும்போது வெளியுறவுத் துறை நம் எம்.பி.க்களிடம் எதையாவது சொல்லுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். குமரி மாவட்டம் நீரோடி, வள்ளவிளை பக்கம் கடலுக்குப் போகிற வீட்டுக்காரர் என்று நினைக்கிறேன்.

சொல்வார்கள். ஆனால் எந்த அறையில் சொல்கிறார்கள் என்பதுதான் விஷயம். நம் நாட்டில் ஒப்பந்தம் போட நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. நிலத்தை விட்டுக்கொடுத்தால் மட்டும் அரசியல் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். வங்கதேச எல்லைக்காக 2015-ல் வந்த 100-வது திருத்தம் அப்படிப்பட்டது.

விவரமாகப் பேசும் இடம், எம்.பி.க்கள் அடங்கிய நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழு. மக்களவையில் 21, மாநிலங்களவையில் 10, ஆக 31 பேர், அமைச்சருக்கு இடமில்லை. 2017-ல் டோக்லாமில் சீனப் படையோடு ஏற்பட்ட இழுபறி பற்றி வெளியுறவுச் செயலாளரே இங்கே வந்து விளக்கினார். அப்போது குழுத் தலைவர், உங்கள் எல்லைக்கு அப்பால் கேரளத்துப் பாறசாலைக்கும் எம்.பி.யான சசி தரூர். கதவு மூடிய அறைதான். ஆனாலும் பேச்சு சொல்லுக்குச் சொல் பதிவாகும். இரகசியமாக வையுங்கள் என்று அதிகாரி தனியாகக் கேட்டாலும், அந்தப் பகுதியை மற்ற எம்.பி.க்களுக்குக் காட்டலாம் என்பது விதி. அதனால் நம்மோடு பேச்சு நடத்தும் நாட்டுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்வார்கள். எதுவரை இறங்கிப்போகலாம் என்ற கடைசிக் கோடு வாயில் வராது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்று சொல்லி ஆவணத்தைத் தர மறுக்கவும் அரசுக்கு விதி 270 இருக்கிறது. அதிகாரிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கடைசிக் கோடு வெளியே போனால் நஷ்டம் நம் படகுக்குத்தான்.

அமைச்சர் தலைமையில் எம்.பி.க்கள் கூடும் ஆலோசனைக் குழு வேறு. அங்கே பேசியதை அவையில் எடுத்துச் சொல்ல முடியாது.

என் கோபம் வேறு இடத்தில். 1976 மார்ச் 23-ல் இலங்கையோடு கடல் எல்லை ஒப்பந்தம் ஆனது. ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்பதும், குமரிக்குத் தெற்கே வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளப் பகுதியில் இலங்கையின் 6 கப்பல்கள் 3 வருடம், வருடத்துக்கு 2,000 டன் வரை பிடிக்கலாம் என்பதும் ஒப்பந்தத்தில் இல்லை. இரு வெளியுறவுச் செயலாளர்களும் அன்றே மாற்றிக்கொண்ட கடிதத்தில் இருந்தது. கரையில் மீனவர் பிழைப்பைத் தொட்டது அந்தக் கடிதம்தான்.

ஆகவே உங்கள் எம்.பி.யிடம் 'மீனவர் நிலை என்ன' என்று பொதுவாகக் கேட்கச் சொல்லாதீர்கள். 'தொடர்ந்து கவனித்து வருகிறோம்' என்று ஒற்றை வரி வரும். பேச்சு நடந்த தேதி, கலந்துகொண்ட துறைகள், ஒப்பந்தத்தோடு இணைப்புக் கடிதம் உண்டா என்று மூன்றாகப் பிரித்து, 15 முழு நாள் முன்னதாகக் கேள்வியைக் கொடுக்கச் சொல்லுங்கள். மக்களவைத் தளத்தில் பதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வரும். தமிழில் ஒரு பக்கம் போட்டால் என்ன குறைந்துவிடும்? வந்ததும் மொழிபெயர்த்துச் சங்கத்தில் ஒட்டுங்கள்.