கடைசி டிரிப்ஸும் தை முதல் நாளும்

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில் இருக்கிறது. என் கணவருக்கு வயது 46. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஆனி மாதத்தில் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆடிக் கடைசியிலிருந்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை டிரிப்ஸும், அதையொட்டிப் பதினான்கு நாள் மாத்திரையுமாகக் கீமோ நடக்கிறது. மொத்தம் எட்டு முறை. டிசம்பர் 16இல் ஏழாவது முடிந்தது. ஜனவரி 6இல் கடைசி. நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். பொங்கல் வியாபாரம் என்பதால் வீடு திரும்ப இரவு பத்தரை ஆகிவிடுகிறது. மகள் பத்தாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. மாமியார் எங்களோடு இருக்கிறார். போன ஞாயிறு விடியற்காலை நாலு மணிக்கு என் கணவர் யாரிடமும் சொல்லாமல் காசிமேட்டுக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கி வந்தார். ஐஸில் கை வைத்ததில் விரல்கள் மடங்கிப்போய், பையை இறக்கி வைக்கக்கூட முடியாமல் வாசலில் நின்றார். பிள்ளைகள் முன்னாலேயே, "உங்களுக்குக் காவல் காத்தே நான் சாகணுமா?" என்று கத்திவிட்டேன். நாலு நாளாக அவர் என்னோடு பேசவில்லை. பொங்கலோடு எல்லாம் முடிந்துவிடும் என்று மாமியார் சொந்தக்காரர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்திருக்கிறார். தை பிறந்ததும் லாரி எடுப்பேன் என்கிறார் இவர். எங்கள் வீடு பழையபடி எப்போது ஆகும்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

ஜனவரி 6 நெருங்கிவிட்டதால், மற்றக் கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

கத்தியது தவறா என்று நீங்கள் எங்கும் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுவதும் அந்தக் கேள்விதான் இருக்கிறது. ஆறு மாதமாக ஒரு குடும்பத்தைத் தோளில் சுமந்து நடப்பவருக்கு ஒரு விடியற்காலையில் வாய் தவறிப்போவது பெரிய குற்றமில்லை. ஆனாலும் அந்தச் சொல் அவர் மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கிறது. அதைப் போட்டவர்தான் எடுக்க முடியும். "பயத்தில் கத்திவிட்டேன்" என்ற ஒரு வரி போதும். காரணங்களை அடுக்க வேண்டாம். பிள்ளைகள் முன்னால் நடந்ததைப் பிள்ளைகள் முன்னாலேயே சொல்லுங்கள். அவர் அப்போதே பேசாவிட்டாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அந்த ஐஸைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். நீங்கள் சொல்லும் கணக்கை வைத்துப் பார்த்தால், அவருக்கு ஏறுவது ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தாகவும், அவர் விழுங்குவது கேபிசிடபின் மாத்திரையாகவும் இருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டில் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆக்சாலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாள்களுக்கு நரம்புகள் குளிரைத் தாங்காது. சில்லென்ற எதைத் தொட்டாலும் விரல்களில் ஊசி குத்தும், கை பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீரை விழுங்கினால் தொண்டை அடைப்பது போல இருக்கும். சென்னையில் ஏது குளிர் என்று மற்றவர்கள் சிரிக்கலாம். மார்கழி விடியலில் குழாயில் வரும் முதல் தண்ணீரும், இரவெல்லாம் எவர்சில்வர் சொம்பில் இருந்த குடிதண்ணீரும், மெட்ரோ ரயிலின் ஏசி காற்றும் அவருக்குப் போதும். என் அக்காள் கணவருக்கு இதே மருந்து ஏறிய மார்கழியில், அக்காள் கொல்லைக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளில் பழைய பனியன் துணியைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தாள். விடியற்காலையில் கழிப்பறைக்குப் போகிறவர் முதலில் தொடுவது அதைத்தான் என்பதை அவள் கவனித்திருந்தாள். உங்கள் வீட்டில் அவர் கை முதலில் எதன் மேல் படுகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள். குடிக்கப் பிளாஸ்கில் வெதுவெதுப்பான நீர், காலுக்குச் சாக்ஸ், வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் மூட ஒரு துண்டு. அதே சமயம், கேபிசிடபின் மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்க வைத்து உரிக்கும் என்பதால் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும் ஆகாது. வெதுவெதுப்புதான் இந்த மாதம் முழுவதும் உங்கள் வீட்டு அளவு.

இனி, அவர் ஏன் போனார் என்பதைப் பார்ப்போம். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவெல்லாம் லாரி வரிசையில் காத்துக் கிடந்துவிட்டும், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் காசிமேட்டில் நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்து, விலை பேசி மீன் வாங்கி வந்தவர் அவர் என்று நினைக்கிறேன். நம் வடசென்னை வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மீன் என்பது பெரும்பாலும் ஆண்களின் பொறுப்பாகவே இருந்து வந்திருக்கிறது. ஆனி மாதத்திலிருந்து அவர் கையில் இருந்த வேலைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. லாரி போயிற்று, சம்பளம் போயிற்று; மகனைப் பள்ளியில் விடுவதும் காஸ் சிலிண்டர் மாற்றுவதும்கூடப் போயிருக்கும். நீங்கள் அவற்றைப் பாசத்தால்தான் வாங்கிக்கொண்டீர்கள். ஆனால் எந்த வேலையும் இல்லாமல் உட்கார்ந்து மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, உழைத்துப் பழகிய மனிதருக்கு மருந்தின் வாந்தியைவிடக் கசப்பானது. அவர் மீனுக்காகப் போகவில்லை. வீட்டுக்கு ஒன்றைக் கொண்டு வருகிறவராக ஒரு நாளாவது இருக்க வேண்டும் என்று போயிருக்கிறார். அவர் தேர்ந்தெடுத்த நாள்தான் தவறு.

சரியான நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு அந்த இருபத்தொரு நாள் கணக்கே வழி காட்டும். முதல் வாரம் குளிர் ஆகாத வாரம். இரண்டாவது வாரத்தை ஒட்டி, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும். கூட்டத்தில் யாரோ ஒருவரின் இருமல்கூட அவரைப் படுக்க வைத்துவிடக்கூடும். மூன்றாவது வாரத்தில் மாத்திரையும் கிடையாது, ரத்த அணுக்களும் பெரும்பாலும் தேறி வரும், விரல்களின் கூச்சமும் தணிந்திருக்கும். மாதக் காலண்டரில் மூன்று வாரங்களையும் மூன்று நிறத்தில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் அவருடையது. வெளியே போவதும், சிறு வேலைகளும், நண்பர்களைப் பார்ப்பதும் அந்த வாரத்தில் இருக்கட்டும்.

இதே கணக்கைப் பொங்கலுக்கும் போட்டுப் பாருங்கள். ஜனவரி 6இல் டிரிப்ஸ் என்றால், பொங்கல் ஒன்பதாவது, பத்தாவது நாளில் வருகிறது. அணுக்கள் குறைந்திருக்கும் அதே வாரம்! அதோடு பொங்கலன்றும் அவர் மாத்திரை விழுங்கிக்கொண்டுதான் இருப்பார். கடைசி மாத்திரை காணும் பொங்கலுக்கும் பிறகுதான். ஆகவே தை முதல் நாளோடு எல்லாம் முடிந்துவிடும் என்ற பேச்சு உங்கள் வீட்டில் இன்றோடு நிற்க வேண்டும். மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், காலண்டரைக் காட்டிச் சொல்லுங்கள். மகனுக்காக வேண்டிக்கொண்ட தாய் அவர். தை முதல் நாளில் எதையாவது கொண்டாடித் தீர வேண்டும் என்று அவருக்கு இருப்பது இயல்பு. வடிவுடையம்மனுக்கான வேண்டுதலோ விருந்தோ மாசியில் நடந்தால் ஒரு குறையும் வராது. வீட்டு அளவில் பொங்கல் வையுங்கள்.

போகி விஷயத்தில் மட்டும் தயவு பார்க்காதீர்கள். 2018இல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் போனது பலருக்கு நினைவிருக்கும். அன்று விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஜன்னல்களை மூடி வைத்து, வெயில் ஏறும் வரை அவரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள். தெருவில் டயர் எரிப்பவர்களிடம் முந்தின நாளே போய்ச் சொல்லிவிடுங்கள். வீட்டில் நோயாளி இருக்கிறார் என்றால் நம் தெருக்களில் கேட்பார்கள்.

வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். 100.4 டிகிரிக்கு மேல் போனால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. மாத்திரை கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காமல், அந்த நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடு இரவில் எங்கே போவது, யாரை அழைப்பது என்பதை ஜனவரி 6 அன்றே கேட்டு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வழக்கத்தைவிட நாலைந்து முறை அதிகமாக வயிற்றுப்போக்கு ஆனாலும், இரவில் எழுந்து போக நேர்ந்தாலும், அடுத்த வேளை மாத்திரைக்கு முன் மருத்துவரை அழையுங்கள். சத்து மாத்திரை என்று கடையில் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் ஃபோலிக் அமிலம் கேபிசிடபினின் பக்க விளைவுகளைக் கூட்டிவிடும். மாமியார் யாரிடமாவது சூரணம் வாங்கி வைத்திருந்தாலும் இதேதான். பிள்ளைகள் கேபிசிடபின் மாத்திரையைக் கையால் தொட வேண்டாம். மற்றபடி அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். புற்றுநோய் ஒட்டுகிற நோய் இல்லை. உங்கள் சின்ன மகன் அப்பாவை ஒட்டிப் படுக்கத் தயங்குகிறானா என்று கவனித்து, அவனுக்கு அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மருத்துவமனையில் சொல்லும் நாள்கள் வரை கழிப்பறையில் இரு முறை தண்ணீர் விட்டால் போதும்.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். பலருக்கும் தெரியாத ஒன்று இதில் இருக்கிறது. ஆக்சாலிபிளாட்டின் நின்ற பிறகும் கை கால் மரத்துப்போவது சிலருக்கு இரண்டு மூன்று மாதம் வரை அதிகமாகிக்கொண்டே போய், அதன் பிறகுதான் மெல்ல இறங்கத் தொடங்கும். முழுவதும் சரியாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். சிலருக்குக் கொஞ்சம் தங்கியும் விடும். மாசியில் அவர் சட்டைப் பொத்தான் போடத் திணறினாலோ, செருப்பு காலை விட்டுக் கழன்றது தெரியாமல் நாலடி நடந்தாலோ, நோய் திரும்பிவிட்டதோ என்று நீங்கள் நடுங்க வேண்டாம். மருந்தின் வேலை அது, மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆனால் செருப்பு கழன்றதை அறியாத பாதம் பிரேக் பெடலையும் அறியாது. கன்டெய்னரோடு நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். எனவே நீங்கள் தடுக்காதீர்கள். மருத்துவர் பாதத்தைச் சோதித்து, ஓட்டலாம் என்று சொன்ன பிறகு ஓட்டட்டும். அதுவரை யார்டிலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து பார்க்கும் வேலை ஏதாவது கிடைக்குமா என்று முதலாளியிடம் அவரே கேட்கட்டும். அவருக்காக நீங்கள் போய்க் கேட்க வேண்டாம்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை, இரவு பத்தரை மணியைத் தவிர. ஒரு யோசனை சொல்கிறேன். பொங்கலுக்கு வருகிறோம் என்ற உறவினர் ஒவ்வொருவரிடமும், "அன்றைக்கு வேண்டாம், உங்களால் முடிந்த ஒரு கிழமையைக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஒருவர் ஜனவரி 6 அன்று டிரிப்ஸ் முடியும் வரை மருத்துவமனையில் உடன் இருக்கலாம். ஒருவர் செவ்வாய்தோறும் இரவுச் சமையலை அனுப்பலாம். இன்னொருவர் பொதுத் தேர்வு வரை உங்கள் மகளுக்கு மாலையில் அமைதியாகப் படிக்க ஓர் இடம் தரலாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரும் எழுப்பாமல் தூங்குங்கள்.

பழையபடி எப்போது ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். தேதி சொல்ல என்னால் முடியாது; அந்தத் தேதிக்காகக் காத்திருப்பதை விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்வேன். களைப்பு சில மாதங்கள் இருக்கும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை, அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆகும்போது, குடலுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி, இப்படி ஐந்து வருடம் போய் வர வேண்டியிருக்கும்; ஒவ்வொரு முறையும் முடிவு வரும் வரை வயிற்றைக் கலக்கும். அவருடைய அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் எந்த வயதில் கொலனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அந்த மருத்துவரிடமே கேளுங்கள். அவருக்கு 46இலேயே வந்திருப்பதால் நாற்பதுக்கு முன்பே தொடங்கச் சொல்லலாம்; நாற்பதைத் தொட்டவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

டிசம்பர் 30இலிருந்து ஜனவரி 5 வரை அவருடைய மூன்றாவது வாரம். மகளுக்கு அப்போது அரையாண்டு விடுமுறையும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு, ஒரு வார நாளில், வெயில் வந்த பிறகு இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு மீன் வாங்கப் போய் வரட்டும். அவர் சொல்லட்டும், மகள் செவுளைத் தூக்கிப் பார்க்கட்டும். ஐஸைத் தொடுவதும் பையைத் தூக்குவதும் அவள் வேலை, விலை பேசுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்ததும் குழம்பா வறுவலா என்று அவரிடம் கேட்டு, நன்றாக வேக வைத்துச் சமையுங்கள்.